ஜிபிஏ 2.0-க்குக் கீழே இறங்கினால்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வி நிலையும் அட்வைசரும்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அரியர் கிடையாது. கேட்க நல்ல சேதி போல இருக்கும். ஆனால் இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் ஊர்க் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பேப்பர் போய்விட்டால் அடுத்த முறை தேர்வு நடக்கும்போது எழுதிக்கொள்ளலாம். வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழக முறையில் தேறாத பாடம் சிஜிபிஏ கணக்கிலேயே வராது. தேறிய பிறகு வாங்கிய கிரேடுதான் சேரும். நாலைந்து அரியரோடு மூன்றாம் ஆண்டுக்குப் போய், கடைசியில் 'ஆல் கிளியர்' செய்து வேலைக்கும் போனவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. தோல்வி என்பது பின்னால் அடைத்துக்கொள்ளக்கூடிய கடன்.

அங்கே அப்படி இல்லை. ஒரு பாடத்தில் எஃப் வாங்கினால் அது பூஜ்யமாகச் சராசரியில் உடனே உட்கார்ந்துவிடும். மீண்டும் எழுத தனித் தேர்வு எதுவும் இல்லை. அந்தப் பாடம் வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டி, செமஸ்டர் முழுக்க வகுப்புக்குப் போய், வீட்டுப்பாடம் முதல் இறுதித் தேர்வு வரை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அந்தப் பூஜ்யம் சராசரியை ஒரு கோட்டுக்குக் கீழே இழுத்துவிட்டால் பல்கலைக்கழகம் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை குத்தும். அதைத்தான் அகடமிக் ஸ்டாண்டிங் என்கிறார்கள், நாம் கல்வி நிலை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முத்திரை விழாமல் பார்த்துக்கொள்ளவும், விழுந்துவிட்டால் வெளியே வரவும் உதவுவதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள்தான் அட்வைசர். இந்த ஆளை எப்போது போய்ப் பார்க்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

கணக்கு எப்படி ஓடுகிறது

ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்பது தோராயமான அளவு. அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் மாணவர் தானே உழைக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் வரையறையிலேயே இருக்கிறது. அதாவது 15 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 45 மணி நேர வேலை. இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். முழுநேர மாணவராக இருக்க செமஸ்டருக்கு 12 போதும். ஆனால் 12, 12 என்று எடுத்துக்கொண்டே போனால் நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்து ஆண்டாகிவிடும் என்பதைச் சேரும்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

கிரேடுக்குப் புள்ளி: ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0. பல இடங்களில் இடையில் பிளஸ், மைனஸும் உண்டு. கிரேடின் புள்ளியைப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் ஜிபிஏ.

ஒரு முதலாண்டு மாணவரை எடுத்துக்கொள்வோம். கால்குலஸ் 4 கிரெடிட், கிடைத்தது சி: 8 புள்ளி. கெமிஸ்ட்ரி லேபோடு சேர்த்து 4 கிரெடிட், டி: 4 புள்ளி. ஆங்கிலக் கட்டுரை எழுதும் வகுப்பு 3 கிரெடிட், பி: 9 புள்ளி. புரோகிராமிங் 3 கிரெடிட், எஃப்: பூஜ்யம். மொத்தம் 14 கிரெடிட்டுக்கு 21 புள்ளி. ஜிபிஏ 1.50. ஒரே ஒரு பாடத்தில்தான் தோல்வி; நம் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே இவர் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்.

இப்போது மேலே வர என்ன வேண்டும்? அடுத்த செமஸ்டரும் 14 கிரெடிட் எடுக்கிறார் என்று கொள்வோம். மொத்தம் 28 கிரெடிட்டுக்கு 2.0 சராசரி வர 56 புள்ளி தேவை. கையில் 21 இருக்கிறது. மீதி 35-ஐ 14 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது சராசரி 2.5. முடியாத காரியமில்லை. ஆனால் 1.5 எடுத்தவர் ஒரே செமஸ்டரில் 2.5-க்குத் தாவ வேண்டும்.

இங்கேதான் அட்வைசர் ஒரு வழி சொல்வார். பல பல்கலைக்கழகங்களில், தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடைக் கணக்கிலிருந்து நீக்கிப் புதியதை வைத்துக்கொள்வார்கள். புரோகிராமிங்கை அந்த 14 கிரெடிட்டுக்குள் மறுபடி எடுத்தால், கணக்கில் வரும் மொத்த கிரெடிட் 28 இல்லை, 25தான். தேவை 50 புள்ளி. கையில் அதே 21. எஃப் ஏற்கெனவே பூஜ்யம்தானே, நீக்கினாலும் குறைய எதுவும் இல்லை. மீதி 29 புள்ளி, 14 கிரெடிட்டில் எடுக்க வேண்டிய சராசரி 2.07. கிட்டத்தட்ட அரைப் புள்ளி சுமை ஒரே முடிவில் இறங்கிவிட்டது. எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. சில இடங்களில் இரண்டு கிரேடையும் சேர்த்தே சராசரி போடுவார்கள். சில இடங்களில் இத்தனை பாடத்துக்குத்தான் என்று வரம்பு இருக்கும். பழைய எஃப் மதிப்பெண் பட்டியலில் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும், சராசரியில் மட்டும் சேராது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்.

இன்னொன்று, டி என்பது 'பாஸ்' மாதிரி இருந்தாலும் பல துறைகளில் பாஸ் இல்லை. கெமிஸ்ட்ரியில் டி வாங்கிய நம் மாணவருக்கு 4 கிரெடிட் கிடைத்துவிடும். ஆனால் அடுத்த நிலை கெமிஸ்ட்ரிக்குள் நுழைய பெரும்பாலும் குறைந்தது சி கேட்பார்கள். அந்த ஒரு பாடம் நின்றால் அதன் மேல் ஏறும் பாடங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். சில பாடங்களை வருடத்துக்கு ஒரு செமஸ்டரில்தான் நடத்துவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டி ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

முத்திரைகள்

செமஸ்டர் முடிந்து கிரேடுகள் வந்ததும், ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் எல்லா மாணவருக்கும் கல்வி நிலையைக் கணக்கிடும். சரியாகப் போய்க்கொண்டிருப்பவருக்கு 'குட் ஸ்டாண்டிங்'. இளங்கலையில் இதற்கான கோடு பெரும்பாலான இடங்களில் 2.0. கீழே போனால் சில பல்கலைக்கழகங்கள் முதலில் 'வார்னிங்' கொடுக்கும். பல இடங்களில் நேராக 'ப்ரொபேஷன்'. அதிலும் தேறாவிட்டால் 'சஸ்பென்ஷன்', அதாவது ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ வெளியே இருந்துவிட்டு வர வேண்டும். கடைசிப் படி 'டிஸ்மிசல்'.

பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் ப்ரொபேஷன் என்ற பெயரை இப்போது விட்டுவிட்டு 'அகடமிக் நோட்டீஸ்' என்கிறார்கள். குற்றவாளியை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்பதால், பிள்ளைகள் கூசிப்போய் உதவி கேட்கவே வராமல் ஒதுங்குகிறார்கள் என்பது அங்கே நெடுநாள் பேச்சு. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் கணக்கு அப்படியே.

ப்ரொபேஷன் என்பது தண்டனை இல்லை; படித்துக்கொண்டேதான் இருப்பீர்கள். ஆனால் கூடவே சில கட்டுகள் வரும். அட்வைசரைப் பார்க்காமல் அடுத்த செமஸ்டர் பாடங்களைப் பதிவு செய்ய முடியாதபடி கணக்கில் ஒரு 'ஹோல்ட்' போடுவார்கள். எடுக்கக்கூடிய கிரெடிட்டுக்கு உச்சவரம்பு வைப்பார்கள். உதவித்தொகை இருந்தால் அதற்கென்று தனியாக 3.0 போன்ற ஒரு கோடு இருக்கும். அது ப்ரொபேஷனுக்கு முன்பே போயிருக்கும்.

கவனிக்க வேண்டியது, பார்ப்பது ஒரு சராசரியை அல்ல. அந்த செமஸ்டரின் சராசரி ஒன்று, சேர்ந்த நாளிலிருந்து வரும் மொத்தச் சராசரி இன்னொன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழக விதிப்படி இரண்டில் எது 2.0-க்குக் கீழே போனாலும் நோட்டீஸ். ஒரு பருவத்தின் சராசரி 1.5-க்குக் கீழே போனால் நேரடியாக வெளியேற்றும் ஆய்வுக்கே உட்படலாம். மூன்று வருடம் 3.2 வைத்திருந்தவர் நான்காம் வருடத்தில் ஒரு பருவம் கோட்டை விட்டால், "என் மொத்த ஜிபிஏ நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இதற்கு மேல் துறையின் கோடு வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல் போன்ற துறைகள் பல்கலைக்கழகக் கோட்டைவிட உயர்ந்த ஒரு கோடு வைத்திருப்பது சகஜம். பல்கலைக்கழகத்தில் குட் ஸ்டாண்டிங், ஆனால் துறையில் இடமில்லை என்ற நிலை வரும்.

அட்வைசர் யார்?

நம் கல்லூரிகளிலும் கிளாஸ் அட்வைசர் உண்டு. வருகைப் பதிவேடு, ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்வது. அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் அங்கே எதுவும் புரியாது.

அட்வைசர் என்ற வேலை அமெரிக்காவில் பிறந்ததற்குக் காரணம், மாணவருக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொடுத்ததுதான். 1869-ல் ஹார்வர்டின் தலைவராக வந்த சார்லஸ் எலியட், எல்லோரும் ஒரே பாடங்களைப் படிக்கும் பழைய முறையை உடைத்து, விரும்பியதை எடுக்கலாம் என்று கொண்டுவந்தார். தேர்வு செய்ய விட்டதும் குழப்பமும் கூடவே வந்தது. 1870-களிலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற இடங்களில் ஆசிரியர்களை மாணவர்களுக்கு ஆலோசகர்களாக நியமிக்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் எட்டு செமஸ்டருக்கும் என்ன பாடம் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. அதனால் இப்படி ஒரு ஆளின் தேவையே எழவில்லை.

இப்போது பெரிய பல்கலைக்கழகங்களில் இரண்டு வகை. ஒன்று, இதையே முழுநேர வேலையாகப் பார்க்கும் அலுவலர். இவர் பாடம் நடத்துவதில்லை. விதிகள், தேதிகள், எந்தப் பாடம் எதற்குக் கணக்காகும் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. ஒருவர் கையில் சில நூறு மாணவர்கள் இருப்பது சாதாரணம். இன்னொன்று, துறைப் பேராசிரியர். எந்த ஆய்வில் சேரலாம், மேற்படிப்புக்கு எது உதவும் என்று இவரிடம் கேட்கலாம். பதிவு செய்யக் கடைசித் தேதி எது என்று கேட்டால் பாவம், அவரும் இணையத்தில்தான் தேடுவார்.

வெளிநாட்டு மாணவருக்கு மூன்றாவதாக ஒருவர் உண்டு: டிஎஸ்ஓ. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவரின் பதிவுகளை 'செவிஸ்' என்னும் அரசுக் கணினி அமைப்பில் கையாள அதிகாரம் பெற்ற பல்கலைக்கழக அலுவலர் இவர். விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போடுபவர். பாடம் பற்றிய அட்வைசருக்கு விசா விதிகள் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. இந்த ஒரு வரியை மறந்ததால் நாடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

எட்டாவது வாரம்

செமஸ்டர் சுமார் 15 வாரம். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு பாடத்தை விட்டால் அது 'டிராப்'. பதிவில் தடயமே இருக்காது, பணமும் பெரும்பாலும் திரும்பும். அதற்குப் பிறகு, பெரும்பாலும் பாதி செமஸ்டர் தாண்டும்வரை, விட்டால் அது 'வித்டிரா'. கிரேடுக்குப் பதிலாக டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும், ஜிபிஏ-யில் சேராது, பணம் போனது போனதுதான். அந்தத் தேதியும் தாண்டிவிட்டால் வருகிற கிரேடை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முடிவை எடுக்கத் தேவையான எண்கள் எல்லாம் முதல் நாளே கொடுக்கும் சிலபஸில் இருக்கும். நம் ஊர் சிலபஸ் போலப் பாடத் தலைப்புகளின் பட்டியல் மட்டுமல்ல அது. எதற்கு எத்தனை சதவீதம் என்பது வரை எழுதிய ஒப்பந்தம் மாதிரி. ஒரு பாடத்தில் வீட்டுப்பாடம் 20, மிட்டர்ம் 30, பிராஜெக்ட் 15, இறுதித் தேர்வு 35 என்று வைப்போம். எட்டாவது வாரத்தில் மாணவி மிட்டர்மில் நூற்றுக்கு 42 வாங்கியிருக்கிறார்: 12.6. வீட்டுப்பாடத்தில் அறுபது சதவீதம் வரும் போக்கு: 12. ஆக 50-க்கு 24.6. சி கிடைக்க மொத்தம் 70 வேண்டும் என்றால், மீதமுள்ள 50-ல் 45.4 எடுக்க வேண்டும். இதுவரை பாதிகூடத் தொடாதவர் இனி தொண்ணூறு சதவீதம் எடுக்க வேண்டும். "பைனலில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. தேர்வுக்கு முந்தின இரவு விழித்துப் படித்தே பட்டம் வாங்கியவர்கள் நாம். ஆனால் இந்தக் கணக்கில் அது நடக்காது.

அப்போது அட்வைசருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி, உடல்நிலையில் புகுந்து, இரண்டு பத்தி கழித்து விஷயத்துக்கு வரும் கடிதம் வேண்டாம். இந்த அளவு போதும்: "நான் இரண்டாம் செமஸ்டர் மாணவி. மாணவர் எண் இது. கெமிஸ்ட்ரி மிட்டர்மில் 42 வாங்கியிருக்கிறேன். வித்டிரா செய்ய அடுத்த வெள்ளி கடைசி நாள். விட்டால் 15-ல் 11 கிரெடிட்தான் மிஞ்சும். நான் எஃப்-1 விசாவில் இருக்கிறேன். வியாழனுக்குள் பேச நேரம் கிடைக்குமா?" எண், தேதி, கேள்வி மூன்றும் இருக்கிறது. சில நூறு பேரைப் பார்ப்பவர் இதற்குத்தான் முதலில் பதில் போடுவார்.

அந்த 11 என்ற எண்ணில்தான் கண்ணி இருக்கிறது. எஃப்-1 விசாவில் இளங்கலை படிப்பவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டாவது எடுத்தாக வேண்டும். ஆன்லைனில் முழுக்க நடக்கும் பாடம் என்றால் அந்த 12-க்குள் ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட்தான், சேரும். அட்வைசர் "ஜிபிஏ-வைக் காப்பாற்ற இதை விட்டுவிடு" என்பார். கல்விக் கணக்கில் அது சரியான யோசனை. மாணவி வீட்டுக்கு வந்து ஒரு பொத்தானை அழுத்தினால், 11 கிரெடிட்டோடு விசா விதியை மீறியவர் ஆகிவிடுவார்.

வழி இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் டிஎஸ்ஓ அனுமதி, அப்புறம் பாடத்தை விடுவது. ஆங்கில வாசிப்பில் தொடக்ககாலச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்குப் பொருந்தாத நிலையிலுள்ள பாடத்தில் சேர்த்துவிட்டது போன்ற காரணங்களுக்கு, ஒரு பட்டப்படிப்பில் ஒரே ஒரு முறை, பாடச்சுமையைக் குறைக்க அனுமதி தரலாம். அப்போதும் பாதிச் சுமை, அதாவது 6 கிரெடிட்டாவது இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் மறுபடி முழுச் சுமை. "மதிப்பெண் குறைந்துவிடும் போலிருக்கிறது" என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. உடல்நிலையோ மனநலமோ காரணமென்றால் மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற மனநல வல்லுநரின் கடிதத்தோடு மொத்தம் 12 மாதம் வரை குறைக்கலாம், தேவைப்பட்டால் ஒரு பாடமும் இல்லாமல்கூட. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பதை மறைத்து, அந்த செமஸ்டரில் மூன்று எஃப் வாங்குவதுதான் நான் கேட்டதிலேயே வயிற்றெரிச்சலான கதை. உதவிக்கென்றே வைத்திருக்கும் கதவு அது, தட்டாமலே போய்விடுகிறார்கள்.

அங்கேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விசாக் கவலை இல்லை. அவர்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்க அரசின் கல்வி உதவி வாங்குபவர்கள், எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 சதவீதத்தையாவது முடித்துக்கொண்டே வர வேண்டும்; பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டின் ஒன்றரை மடங்குக்குள் படிப்பை முடிக்க வேண்டும். டபிள்யூ ஜிபிஏ-யைத் தொடாது, ஆனால் இந்தக் கணக்கில் 'எடுத்தும் முடிக்காதது' என்று விழும். செமஸ்டருக்கு இரண்டு டபிள்யூ என்று பழகிவிட்டால், ஜிபிஏ நன்றாக இருக்கும்போதே பணம் நின்றுவிடும்.

எம்எஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

இங்கிருந்து போகிறவர்களில் பலர் முதுகலைக்குத்தான் போகிறார்கள். அங்கே கோடு 2.0 இல்லை, 3.0. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மொத்தச் சராசரி, பட்டத்துக்கான பாடங்களின் சராசரி என்று ஒன்றுக்கு மேற்பட்ட 3.0-களைத் தனித்தனியே காப்பாற்ற வேண்டும். பி என்பது நல்ல கிரேடு என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு, முதுகலையில் பி என்றால் கோட்டின் மேலேயே நிற்கிறோம் என்று தெரிய ஒரு செமஸ்டர் ஆகிவிடும்.

செமஸ்டருக்கு மூன்று பாடம், 9 கிரெடிட். கிடைத்தது பி பிளஸ், பி, சி. அதாவது 3.3, 3.0, 2.0, சராசரி 2.77. ஒரு சி போதும், ப்ரொபேஷன். அடுத்த மூன்று பாடத்தில் 9.7 புள்ளி எடுத்தால்தான் மொத்தம் சரியாக 3.0-ஐத் தொடும்: ஒரு ஏ மைனஸ், இரண்டு பி. இதில் எதுவும் ஒரு படி இறங்கக் கூடாது. பல முதுகலைத் திட்டங்கள் 30 கிரெடிட்தான் என்பதால் மீள்வதற்கு இடமே குறைவு. முதல் செமஸ்டரில் சறுக்கிய இளங்கலை மாணவருக்கு இன்னும் ஏழு செமஸ்டர் இருக்கும், இவருக்கு இரண்டோ மூன்றோதான். டீச்சிங் அசிஸ்டன்ட், ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலையில் இருந்தால் அதற்கும் 3.0-உம் நல்ல நிலையும் கேட்பார்கள். அது போனால் சம்பளம் மட்டுமல்ல, கூடவே கிடைத்த கட்டண விலக்கும் போகும்.

இதனால் முதல் செமஸ்டரில் என்ன பாடம் எடுக்கிறோம் என்பதே பெரிய முடிவு. சீனியர்கள் கொடுக்கும் பட்டியலில் "இந்தப் புரொபசர் ஈசி" என்பதைத் தாண்டி எதுவும் இருக்காது. கனமான பாடம் ஒன்று, பழக்கமானது ஒன்று, பிராஜெக்ட் அதிகமுள்ளது ஒன்று என்று கலந்து எடுப்பது நல்லது என்பது என் கருத்து. மெஷின் லேர்னிங், அட்வான்ஸ்ட் அல்காரிதம்ஸ், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே எடுத்துக்கொண்டு, வளாகத்துக்குள் அனுமதிக்கப்பட்ட வாரம் 20 மணி நேர வேலையும் பார்ப்பேன் என்பவரிடம் அட்வைசர் புருவத்தை உயர்த்தினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

முத்திரை விழுந்த பிறகு

டிசம்பரில் அந்த மின்னஞ்சல் வரும். பெரும்பாலும் விடுமுறை தொடங்கும் நேரம், அலுவலகங்கள் மூடியிருக்கும். ஜனவரி முதல் வாரத்திலேயே அட்வைசரிடம் நேரம் வாங்கிவிடுவது நல்லது. ஹோல்ட் நீங்குவதற்குள் நல்ல வகுப்புகள் நிரம்பிவிடும்.

சந்திப்புக்குப் போகும்போது டிகிரி ஆடிட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் போகவும். பட்டத்துக்கு இன்னும் என்னென்ன பாக்கி என்று பல்கலைக்கழகக் கணினி காட்டும் பட்டியல் அது. பேச்சில் பாதி நேரம் இது இல்லாமல்தான் வீணாகிறது. அட்வைசர் கேட்பது "ஏன் படிக்கவில்லை" என்று இருக்காது. வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறாய், யாரோடு தங்கியிருக்கிறாய், பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போனாயா, டியூட்டரிங் மையம் தெரியுமா என்று போகும். நம் பிள்ளைகள் இதற்கு "இனிமேல் நன்றாகப் படிக்கிறேன்" என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து வருகிறார்கள். அந்தப் பதிலை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

சஸ்பென்ஷன் வரை போய்விட்டால் முறையீடு செய்யலாம். அங்கே அதற்கு அப்பீல் என்று பெயர். கேட்பது ஒரு குழு. கடிதத்தில் அவர்கள் தேடுவது மூன்று: என்ன நடந்தது, அதற்கு ஆதாரம் என்ன, இப்போது என்ன மாறியிருக்கிறது. குடும்பம் கடன் வாங்கி அனுப்பியது, அப்பா விவசாயி, ஊரில் மானம் போய்விடும் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அடுத்த செமஸ்டர் எப்படி வேறாக இருக்கும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. "இரவு வேலையை விட்டுவிட்டேன், மேலாளரின் கடிதம் இணைத்திருக்கிறேன், புரோகிராமிங்கை மறுபடி எடுக்கிறேன், செவ்வாய், வியாழன் டியூட்டரிங் பதிவு செய்திருக்கிறேன்" என்ற மூன்று வரி, மூன்று பக்கக் கண்ணீரைவிட நன்றாக வேலை செய்யும். காப்பியடித்ததாகப் புகார் இருந்தால் அது தனி விசாரணை. அதை இதில் கலக்க வேண்டாம்.

பெற்றோருக்குத் தெரியுமா?

தெரியாது. 1974-ல் வந்த ஃபெர்பா என்ற சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே. கட்டணம் கட்டியது அப்பாவாக இருந்தாலும், சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்து மகனின் கிரேடைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். மாணவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சொல்லலாம். அமெரிக்காவில் வரி கட்டும் பெற்றோர், பிள்ளையைத் தங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால், பல்கலைக்கழகம் விரும்பினால் சம்மதம் இல்லாமலும் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

இதனால்தான் இரண்டு செமஸ்டர் ப்ரொபேஷனில் இருந்த பிள்ளையைப் பற்றி வீட்டுக்கு டிஸ்மிசல் வந்த பிறகே தெரியவருகிறது. எல்லாம் பார்க்க வேண்டும் என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஒரு வழி. அதைவிட, செமஸ்டர் நடுவில் ஒரு வீடியோ அழைப்பில் "மிட்டர்ம் எப்படி, வித்டிரா தேதி என்றைக்கு" என்று கேட்கத் தெரிந்த அப்பா அம்மாவிடம் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். கிரேடு வந்த பிறகு கேட்பதில் எதுவும் மிஞ்சாது.

வெளியே இருக்க வேண்டிய செமஸ்டர்

எஃப்-1 மாணவருக்குச் சஸ்பென்ஷன் மற்றவர்களைவிடக் கடுமை. அமெரிக்க மாணவர் ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்துவிட்டு வரலாம். இவர் பாடம் எடுக்காமல் அந்த நாட்டில் இருக்க முடியாது. அனுமதி வாங்கி முன்கூட்டியே விலகினால் கிளம்ப 15 நாள் கிடைக்கும். விதியை மீறியதாகப் பதிவு முடிக்கப்பட்டால் அந்த 15 நாளும் இல்லை. படிப்பை முடித்தவருக்குக் கிடைக்கும் 60 நாளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இன்னொரு வழி, அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜுக்கோ (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் உள்ளூர்க் கல்லூரி) வேறு பல்கலைக்கழகத்துக்கோ மாறுவது. செவிஸ் பதிவு உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுமாறு டிஎஸ்ஓவிடம் கேட்க வேண்டும். முடிக்கப்பட்ட பின் அது மிகவும் சிக்கல். சஸ்பென்ஷன் கடிதம் வந்த அன்றே டிஎஸ்ஓவைப் பார்ப்பது அதனால்தான். இந்த விதிகளை அரசு அவ்வப்போது திருத்தும், ஆகவே நண்பரின் வாட்ஸாப் பதிலை நம்பாமல் அவரிடமே கேட்கவும்.

கம்யூனிட்டி காலேஜில் நன்றாகப் படித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சி-யோ அதற்கு மேலோ வாங்கிய பாடங்களின் கிரெடிட் பெரும்பாலும் திரும்ப வரும், கிரேடு பொதுவாக வராது. பழைய இடத்தில் 1.7 என்று விட்டுவிட்டுப் போனவர், வெளியே எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்து வந்தாலும், உள்ளே நுழையும் நாளில் அந்தக் கணினியில் 1.7-ஆகத்தான் இருப்பார். அந்த ஏ-க்கள் மறுசேர்க்கை விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவுக்கு ஆதாரம். சராசரியை ஏற்ற, தோற்ற பாடத்தை அதே பல்கலைக்கழகத்தில்தான் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். எனவே எந்தப் பாடத்தை வெளியே எடுப்பது, எதைத் திரும்பி வந்து எடுப்பதற்கு விட்டுவைப்பது என்பதைக் கிளம்பும் முன்பே பழைய அட்வைசரோடு உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளவும். மறுசேர்க்கைக்கான கடைசித் தேதி, செமஸ்டர் தொடங்க மாதங்கள் இருக்கும்போதே முடிந்துவிடும்.